டார் ரிலேவுக்கு ஹோஸ்டிங் பிடிப்பது எப்படி: சேலத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

இணையத்தில் அடையாளம் தெரியாமல் உலாவ உதவும் வலையமைப்பு டார்; அதன் போக்குவரத்தைக் கைமாற்றிவிடும் சர்வர்தான் ரிலே. டார் ரிலேயை நிறுவும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதை வைக்க இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. முதலில் காசைக் கட்டி, ரிலேயை ஏற்றிவிட்டு, மூன்றாம் வாரம் 'உங்கள் சர்வர் நிறுத்தப்பட்டது' என்று ஒரு வரி மெயில் வாங்கியவர்கள் நிறையப் பேர். சேலத்தில் உட்கார்ந்து இதைச் செய்பவருக்குக் கூடுதல் தலைவலிகளும் உண்டு. வீட்டு இணைப்பில் பப்ளிக் ஐபி இருக்காது, வெளிநாட்டுக்குக் கார்டில் பணம் போகாது, போதாததற்கு, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவு.

என் கட்சி ஒன்றுதான்: எந்த ஹோஸ்டிங் கம்பெனியாக இருந்தாலும் என்ன ஓட்டப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தச் சம்மதத்தை வாங்கவும், வாங்கியதைக் காப்பாற்றவும்தான்.

டார் பற்றி ஏற்கனவே தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டலாம். 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவான யோசனை இது. 2002-இல் டார் மென்பொருள் வெளிவந்தது, 2006-இல் டார் திட்டம் லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவானது. பயன்படுத்துபவரின் தகவல் போக்குவரத்து மூன்று ரிலேக்கள் வழியாகப் போகும். முதலாவதான கார்டு (guard, காவல்) ரிலேவுக்கு ஆள் யார் என்று தெரியும், எங்கே போகிறார் என்று தெரியாது. கடைசியிலுள்ள எக்ஸிட் ரிலேவுக்கு எங்கே போகிறார் என்று தெரியும், ஆள் யார் என்று தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. இப்படி உலகம் முழுக்கச் சில ஆயிரம் ரிலேக்கள் ஓடுகின்றன. ஓட்டுபவர்கள் தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது.

படி 1: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

இதை முடிவு செய்யாமல் ஹோஸ்டிங் தேடுவதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு வகைக்கும் கிடைக்கும் பதில் வேறு.

எக்ஸிட் ரிலே ஓட்டினால், யாரோ ஒருவர் டார் வழியாகச் செய்த காரியத்துக்கு உங்கள் ஐபி முகவரிதான் வெளியே தெரியும். புகாரும் உங்களுக்குத்தான் வரும். 2017 ஏப்ரலில் மாஸ்கோவில் திமித்ரி போகதோவ் என்ற கணித ஆசிரியரைக் கைது செய்தார்கள். அவர் வீட்டில் எக்ஸிட் ரிலே ஓட்டிவந்தார், இணையத்தில் யாரோ எழுதியது அவருடைய ஐபியிலிருந்து வந்ததாகத் தெரிந்தது. வழக்கு பிறகு கைவிடப்பட்டது, ஆனால் அதற்குள் அவர் சிறையையும் வீட்டுக்காவலையும் பார்த்துவிட்டார். முதல்முறை ஓட்டுபவர், அதுவும் தனியாள், எக்ஸிட் பக்கமே போக வேண்டாம். வீட்டு இணைப்பில் எக்ஸிட் கூடவே கூடாது.

கார்டு அல்லது நடு ரிலே என்றால் அது மற்ற ரிலேக்களுடனும் டார் பயனர்களுடனும் மட்டுமே பேசும், பொது இணையதளங்களைத் தொடாது. அதனால் புகார் அபூர்வம். ஹோஸ்டிங் கம்பெனியில் இடம் எடுத்து ஓட்ட வேண்டிய வகை இதுதான். இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் இதைப் பற்றியதே.

அப்புறம் பிரிட்ஜ். பொதுப் பட்டியலில் வராத ரிலே இது. டாரையே முடக்கும் நாடுகளில் இருப்பவர்கள் இதன் வழியாக உள்ளே நுழைகிறார்கள். 1 எம்பிபிஎஸ் வேகம் இருந்தாலே ஓட்டலாம். இதே வேலையைச் செய்யும், ஆனால் இதைவிட எளிது ஸ்னோஃப்ளேக். பிரௌசரில் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டால் முடிந்தது.

படி 2: வீட்டிலேயே வைக்க முடியுமா என்று பாருங்கள்

பல பேருக்குக் காசு செலவே தேவைப்படாது, அதனால் இதை முதலில் பார்த்துவிடலாம். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வான் (WAN, வெளிப்பக்க) ஐபி என்ன என்று பாருங்கள். அது 10-இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணாக இருந்தாலோ நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது ஒரே பொது முகவரியை உங்கள் தெருவே பங்கு போட்டுக்கொள்கிறது. வெளியிலிருந்து யாரும் உங்கள் கணினியைக் கூப்பிட முடியாது. ரிலேயும் ஓடாது, பிரிட்ஜும் ஓடாது. ஐபிவி6 மட்டும் இருக்கிறதே என்றாலும் பயனில்லை, ரிலேவுக்கு ஐபிவி4 கட்டாயம்.

அம்மாப்பேட்டையிலோ சூரமங்கலத்திலோ ஃபைபர் தரும் கேபிள்காரரிடம் கேட்டால் உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

"அண்ணா, ஸ்டாட்டிக் ஐபி போட்டுத் தர முடியுங்களா?"

"எதுக்குப்பா, கேமராவுக்கா? ஆப்லயே பாக்கலாமே."

"கேமரா இல்லீங்ணா, சர்வர் ஒண்ணு ஓட்டணும்."

"அதெல்லாம் கம்பெனி கனெக்‌ஷனுக்குத்தான் தருவாங்க. கேட்டுச் சொல்றேன்."

கேட்டுச் சொன்னால் நல்லது. மாதம் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் சில இடங்களில் கிடைக்கும். ஆனால் கிடைத்தாலும் அதில் பொது ரிலே வைக்க நான் சொல்ல மாட்டேன். காரணம், ரிலேக்களின் முகவரிகள் பொதுப் பட்டியலில் வெளிப்படையாக இருக்கும். எக்ஸிட் எது, மற்றது எது என்று பிரித்துப் பார்க்காமல் பட்டியலில் உள்ள எல்லா முகவரிகளையும் தடுக்கும் தளங்கள் உண்டு. திடீரென்று வீட்டில் பேங்க் ஆப் திறக்கவில்லை, டிக்கெட் போட முடியவில்லை என்றால் அப்பாவிடம் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். பட்டியலில் வராத பிரிட்ஜுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வீட்டில் ஸ்டாட்டிக் ஐபி கிடைத்தவர்கள் பிரிட்ஜ் ஓட்டலாம், கிடைக்காதவர்கள் ஸ்னோஃப்ளேக் ஓட்டலாம். ஸ்னோஃப்ளேக் சிஜிநாட்டுக்குப் பின்னாலிருந்தும் வேலை செய்யும்.

இன்னொன்று கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போனால் மதியமோ மாலையோதான் வரும். ரவுட்டருக்கும் மினி கணினிக்கும் சிறிய யுபிஎஸ் வைத்தாலும் அது அவ்வளவு நேரம் தாங்காது. ஏற்காட்டில் இன்னும் மோசம். கோடை மழையில் இடி இறங்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறிவரும் மலைப்பாதையில் மரம் ஒன்று சாய்ந்து கேபிளை இழுத்தால், ஆள் வந்து ஒட்டும்வரை இணைப்பு கிடையாது. கார்டு ரிலே என்ற தகுதி, தொடர்ந்து ஓடுவதைப் பார்த்துத்தான் கிடைக்கிறது. அடிக்கடி விழுந்து எழும் ரிலேவுக்கு அது தள்ளித் தள்ளிப் போகும். எஸ்டேட் பங்களாவில் சர்வர் வைக்கும் ஆசையை விட்டுவிட்டு வாடகை சர்வருக்கு வாருங்கள்.

படி 3: எவ்வளவு டேட்டா என்று கணக்குப் போடுங்கள்

டார் திட்டம் ரிலேவுக்குக் குறைந்தது 10 எம்பிபிஎஸ் இருபக்கமும் கேட்கிறது, 16 இருந்தால் நல்லது என்கிறது. மாதம் குறைந்தபட்சம் 100 ஜிபி வெளியே, அதே அளவு உள்ளே. 2 டிபி இருந்தால் விசேஷம். நினைவகம் 512 எம்பி போதும், 40 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போனால் 1 ஜிபி வேண்டும்.

ஏமாறும் இடம் இங்கேதான். 10 எம்பிபிஎஸ் நாள் முழுக்க நிரம்பி ஓடினால் மாதம் சுமார் 3.2 டிபி உள்ளே வரும், 3.2 டிபி வெளியே போகும். ஹோஸ்டிங் கம்பெனி 'மாதம் 4 டிபி' என்று விளம்பரம் போட்டிருந்தால், வெளியே போவதை மட்டும் எண்ணுகிறார்களா, இரண்டையும் கூட்டுகிறார்களா என்று கேளுங்கள். கூட்டினால் 10 எம்பிபிஎஸ்கூட முழுதாக ஓடாது. 'அன்லிமிடெட்' என்று இருந்தால் இன்னும் கவனம் தேவை. விதிமுறைகளுக்குள் எங்காவது 'நியாயமான பயன்பாடு' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதற்கு எத்தனை டிபி என்று எண்ணாகக் கேட்டு வாங்குங்கள்.

பெரிய கிளவுட் கம்பெனிகளை விட்டுவிடுங்கள். வெளியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக்காசு. ஜிபிக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் 3,240 ஜிபிக்கு 25 ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஐரோப்பாவில் மாதம் 5 யூரோ அளவிலேயே இந்த வேலைக்குப் போதுமான விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) கிடைக்கிறது.

படி 4: எந்த நாடு, எந்த வலையமைப்பு

இந்தியாவில் வைக்கலாமா? டாரைத் தடைசெய்யும் தனிச்சட்டம் இங்கே இல்லை. ஆனால் 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் போட்ட உத்தரவு, டேட்டா சென்டர்கள், விபிஎஸ் தருபவர்கள், கிளவுட், விபிஎன் நிறுவனங்கள் எல்லாம் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. அதைப் பார்த்துத்தான் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போயின. இப்படி ஒரு பொறுப்பு தலையில் இருக்கும்போது, சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் விபிஎஸ் கம்பெனி 'டார்' என்ற பெயரைக் கேட்டதும் கையை விரிப்பதில் ஆச்சரியமில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அதேசமயம் இந்தியாவில் ரிலேக்கள் மிகக் குறைவு. எழுத்தில் சம்மதம் தரும் இந்தியக் கம்பெனி ஒன்று கிடைத்தால் அது வெளிநாட்டு ரிலேயைவிட வலையமைப்புக்கு மதிப்பு மிக்கது. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

வெளிநாடு என்றதும் எல்லாரும் போகும் இடம் ஜெர்மனி, நெதர்லாந்து, பிரான்ஸ், அமெரிக்கா. அதிலும் ஹெட்ஸ்னர், ஓவிஹெச் போன்ற சில கம்பெனிகளில் ரிலேக்கள் குவிந்து கிடக்கின்றன. அவை ரிலேக்களை அனுமதிப்பதும் விலை குறைவு என்பதும்தான் காரணம். ஆனால் டார் ஓட்டுபவர்கள் மத்தியில் 'அங்கே போதும், வேறு இடம் பாருங்கள்' என்ற குரல் நெடுநாளாக உண்டு. ஒரே கம்பெனியின் கம்பியில் இத்தனை ரிலேக்கள் இருந்தால், அந்தக் கம்பியைக் கவனிப்பவர் கார்டையும் எக்ஸிட்டையும் சேர்த்தே பார்த்துவிட வாய்ப்பு அதிகம். டார் மென்பொருள் ஒரே /16 முகவரி வரம்பிலுள்ள (அதாவது ஐபியின் முதல் இரண்டு எண்கள் ஒன்றாக இருக்கும்) இரண்டு ரிலேக்களை ஒரு பாதையில் சேர்க்காது; ஆனால் பெரிய கம்பெனிக்கு அப்படிப்பட்ட வரம்புகள் பல இருக்கும். டார் திட்டத்தின் ரிலே தேடல் பக்கத்தில் கம்பெனியின் ஏஎஸ் எண்ணை (அதன் வலையமைப்பின் அடையாள எண்) கொடுத்தால் அங்கே எத்தனை ரிலேக்கள் ஓடுகின்றன என்று வந்துவிடும். நூற்றுக்கணக்கில் வந்தால் அடுத்ததைப் பாருங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் இரண்டு அர்த்தம்: யாரும் முயலவில்லை, அல்லது முயன்றவர்களைத் துரத்திவிட்டார்கள்.

எந்தக் கம்பெனி சம்மதிக்கும், எது சம்மதிக்காது என்று தன்னார்வலர்கள் தொகுத்த பட்டியலும் டார் திட்டத்தின் தளத்தில் இருக்கிறது. தொடங்க அது நல்ல இடம். ஆனால் அதிலுள்ள குறிப்புகளுக்கு வயதாகியிருக்கும். கம்பெனியின் கொள்கை இடையில் மாறியிருக்கலாம். பட்டியலில் 'சரி' என்று இருந்தாலும் நீங்கள் திரும்பக் கேளுங்கள்.

படி 5: கடிதம் எழுதுவதற்கு முன் கம்பெனியைத் துருவுங்கள்

நான்கைந்து பெயர்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றின் பயன்பாட்டு விதிகளையும் திறந்து 'டார்', 'ப்ராக்ஸி', 'அனானிமைசர்' என்ற சொற்களைத் தேடுங்கள். வெளிப்படையாகத் தடை என்றால் விட்டுவிடலாம். 'பப்ளிக் ப்ராக்ஸி கூடாது' என்று மட்டும் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், பல பேர் எக்ஸிட்டை மனதில் வைத்து எழுதியது அது.

அடுத்து, அவர்கள் சொந்தமாகச் சர்வர் வைத்திருக்கிறார்களா, வேறொருவரிடம் வாங்கி விற்கிறார்களா என்பது. அவர்களுடைய சோதனை ஐபியை, முகவரி யாருடையது என்று காட்டும் ஹூஇஸ் (whois) பதிவேட்டில் தேடினால் புகார்கள் போகும் முகவரி யாருடையது என்று தெரியும். அங்கே வேறு கம்பெனியின் பெயர் இருந்தால், உங்களுக்கு 'சரி' சொன்னவர் ஒருவர், புகாரை வாங்கிப் படிப்பவர் இன்னொருவர். மேலிருப்பவர் மிரண்டால் கீழிருப்பவர் கொடுத்த வாக்கு செல்லாது. விலை கொஞ்சம் கூடினாலும் சொந்த முகவரி வரம்பு வைத்திருக்கும் சிறிய கம்பெனியே மேல்.

விபிஎஸ் கேவிஎம் (KVM) வகையா என்று பாருங்கள்; சர்வரைப் பிரித்துக் கொடுக்கும் முறைகளில் ஒன்று அது. பழைய ஓப்பன்விஇசட் வகையில் ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடிய இணைப்புகளுக்கு உச்சவரம்பு போட்டிருப்பார்கள். ரிலே ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும், மூச்சு முட்டிவிடும். ப்ராசஸரில் ஏஇஎஸ் மறைகுறியாக்க வசதியும் வேண்டும். கோர்கள் பல இருப்பதைவிட ஒரே கோர் வேகமாக இருப்பது முக்கியம், டார் பெரும்பாலும் ஒரே கோரில்தான் வேலை செய்கிறது.

படி 6: கடிதம்

சேல்ஸ் பிரிவுக்கு டிக்கெட் (எழுத்தில் பதிவாகும் கேள்வி) போடுங்கள். சாட்டில் கேட்க வேண்டாம். சாட்டில் இருப்பவர் 'நோ ப்ராப்ளம் சார்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், நாளைக்குக் காட்ட ஆதாரம் இருக்காது. கடிதம் ஆங்கிலத்தில் சுருக்கமாக இருக்கட்டும். உள்ளடக்கம் இப்படி:

"உங்களிடம் ஒரு கேவிஎம் விபிஎஸ் வாங்கி அதில் டார் ரிலே ஓட்ட விரும்புகிறேன். நான் தனிநபர், இதில் எனக்கு வருமானம் இல்லை. இது எக்ஸிட் அல்ல. மற்ற டார் ரிலேக்களுடனும் டார் பயனர்களுடனும் மட்டும் பேசும், பொது இணையதளங்களுக்கு இங்கிருந்து தொடர்பு போகாது. வேகத்தை 20 எம்பிபிஎஸ்ஸில் கட்டுப்படுத்துவேன். அப்படியானால் மாதம் அதிகபட்சம் 6.5 டிபி உள்ளே, 6.5 டிபி வெளியே. உங்கள் ஐபி, பொதுப் பட்டியலில் டார் ரிலே என்று தெரியும். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் பதில் தருவேன். உங்கள் விதிகளின்படி இவை சம்மதமா? பின்னாளில் முடிவை மாற்றினால் நிறுத்துவதற்கு முன் அவகாசம் தருவீர்களா?"

ஐபி பட்டியலில் வரும் என்ற வரியைச் சிலர் விட்டுவிடச் சொல்வார்கள், வீணாகப் பயமுறுத்துவானேன் என்று. விடாதீர்கள். பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் நீங்கள் மறைத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

'எக்ஸிட் இல்லாதவரை சரி' என்று வரும் பதில் தங்கம். மெயிலைச் சேமித்து வையுங்கள். 'எங்கள் விதிகளைப் பாருங்கள்' என்று மட்டும் வந்தால் அது பதிலே அல்ல. ஒருமுறை திரும்பக் கேட்டும் அதே வந்தால் விலகிவிடுங்கள். 'சட்டவிரோதம் எதுவும் இல்லையென்றால் சரி' என்பது வழுக்கும் பதில். அதற்கு, 'எக்ஸிட் அல்லாத ரிலே சரிதானே, ஆம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்' என்று நான் கேட்பேன். எழுதத் தயங்கினால் காரணம் இருக்கும்.

படி 7: பணம்

நம்மூர் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வழக்கமாக அணைத்தே இருக்கும். பேங்க் ஆப்பில் போய் நீங்களே ஆன் செய்ய வேண்டும், வரம்பையும் குறைவாக வையுங்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த தானியங்கிப் பிடித்த விதிகளுக்குப் பிறகு, பல வெளிநாட்டுக் கம்பெனிகளின் மாதாந்திரப் பிடித்தம் நம் கார்டில் போகாமல் திரும்பிவிடுகிறது. ஆட்டோபேயை நம்பி இருந்தால் ஒருநாள் சர்வர் தானாக அணைந்திருக்கும். முதல் மாதம் மட்டும் கையால் கட்டி ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் கணக்கில் முன்பணம் ஏற்றி வையுங்கள், அல்லது ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டுங்கள். எடுத்த எடுப்பில் ஆண்டுத் தள்ளுபடியில் விழ வேண்டாம். யூரோ விலையோடு கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் வரியும் சேரும்.

ஆர்டர் போடும்போது டார் வழியாகவோ விபிஎன் வழியாகவோ போகாதீர்கள். மோசடித் தடுப்புக் கருவி, 'கார்டு சேலம், ஐபி ருமேனியா' என்று பார்த்தால் ஆர்டரை ரத்து செய்துவிடும். சொந்தப் பெயர், சொந்த முகவரி, வீட்டு இணைப்பு. மற்றவர்களின் அடையாளத்தைக் காக்கும் வேலைக்கு நாம் ஆதார் காட்டாத குறையாக நிற்க வேண்டியிருக்கிறது. வேடிக்கைதான்.

படி 8: ஏற்றிய பிறகு

டெபியன் லினக்ஸ் போட்டு, டார் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து மென்பொருளை நிறுவுங்கள். தானாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்படி வையுங்கள். அமைப்புக் கோப்பில் எக்ஸிட் ரிலே என்பதற்கு 0 கொடுங்கள், கடிதத்தில் சொன்ன வேக வரம்பைப் போடுங்கள், தொடர்பு மெயில் கண்டிப்பாக எழுதுங்கள். போர்ட் 443 காலியாக இருந்தால் அதையே கொடுங்கள், சில அலுவலக வலைகளிலிருந்தும் எட்டும். மாத டேட்டாவுக்கு வரம்பு வைக்கும் அக்கவுண்டிங் வசதி, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாக எண்ணும். 500 ஜிபி என்று போட்டால் இரண்டும் சேர்ந்து 1,000 வரை போகலாம். கம்பெனி கூட்டி எண்ணுபவர் என்றால் பாதியாகப் போடுங்கள்.

முதல் வாரம் போக்குவரத்தே இருக்காது. 'நம் சர்வரில் ஏதோ கோளாறு' என்று தோன்றும். கோளாறு இல்லை. முதல் சில நாள்கள் அளவீடு நடக்கும்வரை புது ரிலேயை வலையமைப்பு அதிகம் பயன்படுத்தாது. கார்டு தகுதி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அது வந்ததும் போக்குவரத்து சற்றுக் குறையக்கூட செய்யும், பிறகு மெல்ல ஏறும். நிலைக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: புகார் வந்தால்

எக்ஸிட் அல்லாத ரிலேவுக்கும் வரலாம். 2024 அக்டோபரில் அப்படி நடந்தது. யாரோ ரிலேக்களின் ஐபியைப் போலியாகப் போட்டு, பல இடங்களின் 22-ஆம் போர்ட்டை (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வாசல்) துழாவும் பாக்கெட்டுகளை அனுப்பினார்கள். புகார்கள் ரிலே வைத்திருந்த கம்பெனிகளுக்குப் போய்க் குவிந்தன. சில சர்வர்கள் நிறுத்தப்பட்டன. நவம்பர் 7-இல் அதன் மூலத்தைக் கண்டுபிடித்து அடைத்தார்கள்.

அப்படி ஒரு மெயில் வந்தால் அன்றே பதில் சொல்லுங்கள். சர்வரில், போக்குவரத்தைப் பதிவுசெய்து காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டி, 22-ஆம் போர்ட்டுக்கு உங்களிடமிருந்து ஒன்றும் வெளியே போகவில்லை என்பதைப் பார்த்து, அந்தப் பதிவை இணையுங்கள். 'இது டார் ரிலே, முன்பே இந்தத் தேதியில் உங்களிடம் சம்மதம் வாங்கியது' என்று பழைய டிக்கெட் எண்ணைக் குறிப்பிடுங்கள். படி 6-இல் அவ்வளவு வற்புறுத்தியது இந்த ஒரு வரிக்காகத்தான்.

தனியாக முடியாதவர்களுக்கு

எக்ஸிட்டை நிறுவனமாகச் சேர்ந்து ஓட்டுவதே முறை. பிரான்சில் நோஸ் ஓன்யோன், ஸ்வீடனில் டிஎஃப்ஆர்ஐ, அமெரிக்காவில் எமரால்டு ஆனியன் போன்ற அமைப்புகள் அதைச் செய்கின்றன. மாதம் 500 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாதவர் இவற்றுக்கு நன்கொடை கொடுப்பதில் குறைவொன்றும் இல்லை. 2015-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் கில்டன் பொது நூலகம் ரிலே ஓட்டத் தொடங்கியது. காவல்துறை தயக்கம் தெரிவித்ததும் நிறுத்தினார்கள். ஊர்மக்கள் ஆதரவோடு அதே செப்டம்பரில் நூலக வாரியம் திரும்ப ஓட்ட முடிவெடுத்தது. கருப்பூர் பக்கம் பல்கலைக்கழகமும் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. கணினித் துறையில் ஒரு பேராசிரியர் முன்வந்தால், கல்லூரியின் சொந்த ஐபியில் நடு ரிலே ஒன்று ஓட்டுவது பாடமாகவும் ஆகும். ஆனால் மாணவர்கள் நிர்வாகத்துக்குத் தெரியாமல் ஆய்வகக் கணினியில் ஓட்டுவது வேண்டாம்.

எந்தக் கம்பெனியும் என்றாவது கொள்கையை மாற்றும். அன்றைக்கு வேண்டியது ரிலேயின் சாவிகள். சர்வரில் டார் தரவு அடைவுக்குள் 'கீஸ்' என்று ஒரு அடைவு இருக்கும். ரிலேயின் அடையாளமே அதுதான். ஓடத் தொடங்கிய அன்றே அதைப் பிரதி எடுத்து, மறைகுறியாக்கி, வீட்டில் பென் டிரைவில் வையுங்கள். புது கம்பெனியின் சர்வரில் அதைப் போட்டு டாரைத் தொடங்கினால் ஐபி மட்டும் மாறும், ரிலேயின் அடையாளம் அப்படியே இருக்கும். பழைய சர்வரை அணைத்த பிறகே புதியதைத் தொடங்குங்கள், ஒரே சாவியில் இரண்டு ஓடக்கூடாது.